கிளைச்சபை ஆரம்பிக்கணும்னா முதல்ல இடம் வாங்கணுமா, ஆள் சேர்க்கணுமா?

செங்கை_விசுவாசி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருக்கிற ஆளு நான், இப்ப ஒரு விஷயம் கேக்கணும், கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்கோங்க.

எங்களுது சுயாதீன சபை, தாம்பரத்துக்குத் தெக்க. ஆரம்பத்துல ஒரு வீட்டு மொட்டைமாடியில ஷீட் போட்டு நடந்துச்சு, இப்ப சொந்த ஹால் இருக்கு, ஞாயித்துக்கிழமை ரெண்டு ஆராதனை, ரெண்டாவதுல உக்கார இடமே கிடையாது, வாலிபப் பசங்க படிக்கட்டுல நிக்கிறாங்க. விசுவாசிகள்ல நிறைய பேர் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் பக்கம் ஃபிளாட் வாங்கிட்டுப் போயிட்டாங்க, அங்கருந்து குழந்தைங்கள கிளப்பிக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டுல வந்து சேர்றதுக்குள்ள பாட்டு ஆராதனை முடிஞ்சு பிரசங்கமே பாதி ஓடிடுது. அதனால அந்தப் பக்கம் ஒரு கிளைச்சபை போடலாம்னு பாஸ்டர் ஐயா சொல்றாரு. போடணுங்கிறதுல யாருக்கும் மாற்றுக்கருத்து இல்ல. எப்படிங்கிறதுலதான் கமிட்டி ரெண்டா நிக்குது. ஒரு சைடு, முதல்ல ரெண்டு கிரவுண்டு வாங்கி பில்டிங்க எழுப்புவோம், ஜனங்க தானா வருவாங்கன்னு சொல்றாங்க. இன்னொரு சைடு, ஒரு மினி ஹால வாடகைக்கு எடுத்து, அந்தப் பக்கம் இருக்கிற முப்பது குடும்பத்த அனுப்பி ஆரம்பிச்சிடலாம், கடன் எதுக்குன்னு சொல்றாங்க.

இதுக்கு நடுவுல எனக்கு வேற ஒரு உறுத்தல். நம்ம சபைய கர்த்தர் வளரப்பண்ணாருன்னு வருஷா வருஷம் ஆண்டு விழாவுல சாட்சி சொல்றோம். ஆனா ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தா முக்காவாசிப் பேர் ஏற்கனவே சிஎஸ்ஐ, லுத்தரன், இல்லன்னா வேற பெந்தெகொஸ்தே சபையில இருந்தவங்க, நெல்லை, குமரி பக்கமிருந்து வேலைக்கு வந்து, வீட்டுக்குப் பக்கத்துல இருக்குன்னு சேந்தவங்க. இத வளர்ச்சின்னு சொல்றதா, டிரான்ஸ்ஃபர்னு சொல்றதா? கிளைச்சபை போட்டா அங்கயும் இதேதான் நடக்கும்னு தோணுது. புது சபை ஆரம்பிச்ச அனுபவம் இருக்கிறவங்க, இல்ல இதப் பத்தி படிச்சவங்க யாராவது சொல்லுங்க. "ஜெபம் பண்ணுங்க பிரதர்"னு மட்டும் போடாதீங்க, அது பண்ணிட்டுத்தான் இருக்கோம்.

தேரிக்காட்டான்:

தம்பி, இடமா ஆளான்னு கேட்டீங்கல்லா, எங்க திருநெல்வேலி சீமை கதையச் சொல்லுதேன், அதுலயே பதில் இருக்கு. நான் சிஎஸ்ஐ, எங்க தாத்தா உபதேசியாரா, அதாவது ஊர்ச் சபையில பாடம் சொல்லி நடத்துதவரா இருந்தவரு, அதனால கொஞ்சம் ஒரு பக்கமாத்தான் பேசுவேன்.

பாளையங்கோட்டையில 1780ல சபை ரிஜிஸ்டர் எழுதும்போது அதுல மொத்தம் 40 பேருதான். அதுல ஒருத்தி குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை, ரெண்டு வருஷம் முன்னால 1778ல சுவார்ட்ஸ் ஐயர்ங்கிற ஜெர்மன் மிஷனரிகிட்ட (எங்க பக்கம் பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவாவ) ஞானஸ்நானம் எடுத்த அம்மா. அந்த அம்மா முயற்சியில கோயில் எழும்பினது 1785ல. ஆக ஆள் முதல்ல, செங்கல் அப்புறம். அதுக்குமேல சுவார்ட்ஸ் இங்க உக்காந்துக்கிடல பாத்துக்கிடுங்க, அவரு இருந்தது தஞ்சாவூர்ல. இங்க சபைய நடத்த அனுப்புனது சத்தியநாதன்னு ஒரு தமிழ் உபதேசியார, அவரு 1790ல குருப்பட்டம் வாங்கினாரு. வெள்ளைக்காரர்தான் வந்து எல்லாத்தையும் செஞ்சாருன்னு நம்மாளுகளே பிரசங்கத்துல சொல்லுதாவ, ஊர் ஊரா நடந்து போனவன் பேரு யாருக்கும் தெரியாது.

அப்புறம் சாத்தான்குளம் பக்கத்து தாவீது சுந்தரானந்தம். சொந்தக்காரங்க வழியாவே அந்த ஆளு சுவிசேஷத்தக் கொண்டுபோனதுல ஊர் ஊரா ஜனம் சேந்துச்சு, சேந்தவங்களுக்கு அடி உதை, ஜெபவீட்ட எரிக்கது, கிணத்துல தண்ணி எடுக்க விடாம பண்ணுதது எல்லாம் நடந்துச்சு. அதனால 1799ல ஒரு இடத்த வாங்கி இவங்கள குடிவச்சாங்க, அதான் முதலூர். இங்க நிலம் வாங்கினாங்கதான், இல்லன்னு சொல்லல, ஆனா எதுக்கு வாங்கினாங்க? ஜனங்க உசுரோட இருக்கதுக்கு. இருக்க ஆளுக்கு இடம் வாங்கினாங்களே தவிர, இனிமே வரப்போற ஆளுக்கு இல்ல. உங்க கமிட்டியில பில்டிங் கட்டினா ஜனம் தானா வரும்னு சொல்லுத அண்ணாச்சிகிட்ட இத மட்டும் கேளுங்க: அந்த ஏரியாவுல இப்ப வாரத்துல ஒரு நாளாவது கூடுத ஆள் யாரு, எத்தன பேரு?

இன்னொரு ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820ல பாளையங்கோட்டைக்கு வந்து 15 வருஷம் வேல செஞ்சாரு. அவரு செஞ்ச முறை ரொம்ப எளிசு: ஒரு ஊர்ல நாலு குடும்பம் சேந்தா ஒரு உபதேசியார், முடிஞ்சா ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஓலைக் கொட்டகை. உபதேசியார்மார வரவச்சு பாடம் சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்புவாரு. வந்தவங்களுக்கு வீட்டுக்கு இடம் வாங்கிக் கொடுக்க தர்ம சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, அதுக்கு சபை ஜனங்களே பணம் போட்டாங்க. 1835ல மிஷன் சொசைட்டியோட சண்ட வந்து அவர வெளிய அனுப்பினப்ப சபை ரெண்டு பட்டது வேற கதை, அத எழுதினா விடிஞ்சிரும். மெஞ்ஞானபுரத்துல நீங்க பாக்கத 192 அடி கோபுரம் இருக்கே, அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி அந்த வட்டாரத்துல ஓலைக் கொட்டகையில ஜெபம் நடந்துட்டு இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லிருதேன், நம்ம பக்கத்த மட்டும் தூக்கிப் பேசினா நியாயம் இல்ல. 1876 - 78 பெரும் பஞ்சத்துல ஆயிரக்கணக்குல ஜனம் சபையில சேந்துச்சு. கஞ்சிக்கு வந்த கிறிஸ்தவன்னு அப்பவே கேலி உண்டு. சேந்தது வேற நிலைச்சது வேற, நிலைக்க வைக்க ஊருக்கு ஒரு ஆள் வேணும். உங்க முப்பது குடும்பத்துக்கும் அதான்.

கூரைசபை_மகன்:

அண்ணாச்சி அருமையா சொன்னீங்க. நான் பெந்தெகொஸ்தே பாஸ்டர் மகன், பொறந்ததே கூரை சபைக்குப் பின்னாடி இருந்த ரூம்லதான், அதனால இந்த விஷயத்த உள்ளருந்து பாத்திருக்கேன்.

பிரதர், மினி ஹால் வாடகைக்கு எடுக்கிறதும் ரெண்டாவது ஸ்டெப்தான். முதல் ஸ்டெப் வீட்டு ஜெபம். கூடுவாஞ்சேரியில ரெண்டு வீடு, மறைமலை நகர்ல ரெண்டு வீடு, வாரத்துல ஒரு நாள் சாயங்காலம், வேல முடிஞ்சு வர்றவங்களுக்குத் தோதா ஏழரைக்கு. பாஸ்டர் ஐயா ஆரம்பத்துல வரட்டும், அப்புறம் வரக்கூடாது. ஆமா வரக்கூடாதுன்னுதான் சொல்றேன். அவர் வந்தா அவர்தான் பேசுவாரு, மத்தவங்க ஆமென் சொல்லுவாங்க, ஆறு மாசம் ஆனாலும் அந்த வீட்ல யாருக்கும் வேதத்தத் திறந்து நாலு வார்த்த சொல்ல வராது. அவர் இல்லாம நாலு வாரம் நடந்து, ஆள் குறையாம இருந்தா அந்தக் குழு நிக்கும்னு அர்த்தம்.

தென்கொரியாவுல சியோல் யோய்டோ சபை எல்லாருக்கும் தெரியும், உலகத்துலயே பெரிய சபைன்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க. 1958ல ஏழைங்க இருந்த ஒரு புறநகர் ஏரியாவுல கூடாரம் போட்டு ஆரம்பிச்சது. 1964ல அதோட பாஸ்டர் சோ யோங்கி வேலப் பளு தாங்காம மேடையிலயே மயங்கி விழுந்தாரு, எல்லா ஞானஸ்நானத்தையும் எல்லா வீட்டு விசாரிப்பையும் ஒரே ஆளு பாத்தா வேற என்ன ஆகும். அப்பதான் யாத்திராகமம் 18ல எத்திரோ மருமகன் மோசேக்கு, எல்லாத்தையும் நீயே சுமக்காத, பொறுப்பப் பிரிச்சுக் கொடுன்னு சொன்ன புத்திய எடுத்துக்கிட்டு, ஊரப் பகுதி பகுதியாப் பிரிச்சு வீட்டுக் குழு வச்சாரு. மூப்பர்மார் தயங்குனாங்களாம், அதனால பொம்பளைங்ககிட்ட கொடுத்தாரு. அந்தக் காலத்து கொரியாவுல பொம்பள வேதம் சொல்லி ஆம்பள கேக்கிறதுங்கிறது சாதாரண விஷயம் இல்ல. சபை பெருத்தது அந்த அம்மாமார் வீட்டுல இருந்துதான், ஆனா நம்ம ஊர் பாஸ்டர்மாருக்கு அதுல நினைவுல நிக்கிறது அந்தப் பெரிய ஹாலும் ஸ்டேஜும் மட்டும்தான். அதே சோ யோங்கிக்கு 2014ல சபைக்குப் பண நஷ்டம் ஏற்படுத்துன வழக்குல கோர்ட்ல தண்டனையும் வந்துச்சு, அதையும் சேத்துத்தான் படிக்கணும்.

கடைசியா ஒண்ணு. கிளைச்சபைன்னு பேரு வச்சிட்டு பெரிய ஸ்கிரீன் மாட்டி மெயின் சபை பிரசங்கத்த லைவ்ல போடுற ஐடியா யாராவது சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. மகனத் தனிக்குடித்தனம் வச்சிட்டு சோறு மட்டும் தினம் அம்மா வீட்லருந்து கேரியர்ல போற கதைதான் அது. எனக்குத் தெரிஞ்ச ஒரு சபையில இப்படித்தான் பண்ணாங்க, கரண்ட் போன அன்னைக்கு ஆராதனை இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க!

வக்கீல்_அக்கா:

ஆவிக்குரிய விஷயம் எல்லாம் நீங்க பேசிக்கோங்க, நான் காகிதத்தப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இதுலதான் நிறைய சபை மாட்டுது.

தமிழ்நாட்டுல பொது வழிபாட்டுக்குன்னு புதுசா கட்டடம் கட்டணும்னா பஞ்சாயத்தா இருந்தாலும் முனிசிபாலிட்டியா இருந்தாலும் கலெக்டரோட முன் அனுமதி வேணும். உங்களுக்கு செங்கல்பட்டு கலெக்டர். போலீஸ், தாசில்தார் ரிப்போர்ட் எல்லாம் வாங்குவாங்க, அக்கம்பக்கத்துல ஆட்சேபணை இருக்கான்னு பாப்பாங்க, அது சீக்கிரம் நகர்ற ஃபைல் கிடையாது. கிரவுண்டு வாங்கினா அடுத்த வருஷம் கிறிஸ்மஸ் புது கோயில்லன்னு உங்க கமிட்டி கணக்குப் போட்டிருந்தா அத மறந்துடுங்க. வீடுன்னு பிளான் அப்ரூவல் வாங்கிட்டு ஜெபவீடா நடத்துறது, அப்புறம் யாராவது புகார் கொடுத்து சீல் வச்சு, ஹைகோர்ட் வரைக்கும் போறது, இது இங்க எத்தனையோ தடவ நடந்துருச்சு.

குடும்பமா நாலு பேர் வீட்ல கூடி ஜெபிக்கிறது வேற, அதே வீட்ல வாராவாரம் மைக் போட்டு அம்பது வண்டி நிறுத்துறது வேற. மைக் வேணும்னா அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணியிலருந்து காலைல 6 மணி வரைக்கும் வெளிய கேக்கிற ஒலிபெருக்கி கிடையவே கிடையாது. முழு இரவு ஜெபம்னா வாய்ப்பாட்டா பாடுங்க.

முக்கியமா, இடம் வாங்கினா பாஸ்டர் பேர்ல வாங்காதீங்க. அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. ட்ரஸ்ட் இல்ல சங்கம் பேர்ல வாங்குங்க. பாஸ்டர் காலமான பிறகு இது எங்க அப்பா சொத்துன்னு பிள்ளைங்க வந்து நின்ன கேஸ் என் டேபிள்லயே வந்திருக்கு. கிளைச்சபை நாளைக்குத் தனியாப் பிரிஞ்சா சொத்து யாருக்குன்னு டீடுல இப்பவே எழுதுங்க, கோவம் வந்த பிறகு எழுத முடியாது.

எஸ்தர்_பெரம்பூர்:

டிரான்ஸ்ஃபரா வளர்ச்சியான்னு கேட்டாரே, அத யாருமே தொடலயே. நான் தொடுறேன், திட்டாதீங்க.

ஊர்லருந்து வந்தவங்க பக்கத்து சபையில சேர்றத நான் ஆடு திருட்டுன்னு, அதாவது அடுத்த சபை ஆள இழுக்கிறதுன்னு, சொல்ல மாட்டேன். வேலைக்கு வந்த இடத்துல அவங்களுக்கு ஒரு சபை வேணும், நீங்க கொடுத்தீங்க, நல்லதுதான். ஆனா அத வச்சு "எழுப்புதல்"னு போஸ்டர் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான். அஞ்சு கிலோமீட்டர்ல எட்டு சபை, எட்டுலயும் சுத்தி சுத்தி வர்றது அதே ஜனம், எந்த சபையில நல்ல மியூசிக்கோ, எங்க பாஸ்டர்கூட சண்டையோ அதப் பொறுத்து மாறுது.

அதவிட எனக்கு உறுத்துற விஷயம் வேற. சபை வளர்ச்சின்னு ஒரு பாடமாவே ஆக்குன மெக்காவ்ரன் பொறந்தது நம்ம இந்தியாவுல, மத்தியப் பிரதேசம் தமோவுல, 1897ல. மிஷனரிக் குடும்பம். ஜனங்க தன் சாதி, பாஷை, வர்க்கத்தத் தாண்டாம, கூட்டமா, சொந்தபந்தத்தோட வரத்தான் விரும்புவாங்க, அதனால சுவிசேஷத்த அந்தந்தக் கூட்டத்துக்குள்ளயே கொண்டுபோகணும்னு அவர் சொன்னாரு. வந்த விதத்தச் சொல்றதுக்கு அது சரிதான், அண்ணாச்சி சொன்ன சுந்தரானந்தம் கதையும் அதுதானே, சொந்தக்காரங்க வழியாப் போச்சு. ஆனா வந்தபிறகும் அப்படியே இருந்துட்டா? நம்ம தெக்கத்தி சபைங்கள்ல எந்த சேகரம் (சில ஊர்ச் சபைங்க சேந்த வட்டம்) யாரோடது, எந்தக் கல்லறைத் தோட்டம் யாருக்குன்னு இன்னைக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டயசீஸ் (ஒரு பிஷப்புக்குக் கீழ இருக்கிற சபைங்க எல்லாம் சேந்த மண்டலம்) எலெக்ஷன் வந்தா இன்னும் நல்லாத் தெரியும். நீங்க அனுப்பப் போற முப்பது குடும்பமும் ஒரே ஜில்லா, ஒரே சாதின்னா, அது கிளைச்சபை ஆகாது, ஊர்ச் சங்கம்தான் ஆகும். லிஸ்ட ஒரு தடவ அந்தக் கண்ணோட பாருங்க.

இன்னொண்ணு. மறைமலை நகர், ஒரகடம் ஃபேக்டரிங்கள்ல ஜார்க்கண்ட், ஒடிசா பசங்க பொண்ணுங்க எவ்வளவு பேர் வேல செய்றாங்க? அதுல முண்டா, உராவ்ன் பழங்குடிப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் பரம்பரைக் கிறிஸ்தவங்க. ராஞ்சிக்கு ஜெர்மனியிலருந்து கோஸ்னர் மிஷனரிங்க வந்ததே 1845ல, நம்ம பாட்டன் பூட்டன் கிறிஸ்தவங்களா இருந்த மாதிரிதான் அவங்களும். ஞாயித்துக்கிழமை ஆறு பேரா ஒரு ரூம்ல மொபைல் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. பக்கத்துலயே தமிழ் ஆராதனை நடக்குது, பாஷை புரியாது, வா தம்பின்னு கூப்பிட ஒருத்தரும் இல்ல. புதுக் கிளைச்சபையில மத்தியானம் மூணு மணிக்கு ஒரு ஹிந்தி கூடுகை வச்சா, அந்த ஹாலுக்கு நீங்க கொடுக்கிற வாடகைக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

செங்கை_விசுவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. எஸ்தர் சிஸ்டர், லிஸ்ட்டப் பாத்தேன். முழுசா ஒரே ஊர் இல்ல, ஆனா நீங்க சொன்னது பாதி சரி, வேற எதுவும் சொல்ல விரும்பல.

வீட்டு ஜெபத்துலருந்து ஆரம்பிக்கலாம்னு நான் சொன்னா பாஸ்டர் ஐயா ஒத்துக்குவாரு. ஆனா பொருளாளர் ஒரு கணக்கக் காட்டுறாரு: அந்த முப்பது குடும்பம்தான் தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) ஒழுங்காக் கொடுக்கிற ஐடி ஆளுங்க, அவங்க போயிட்டா ஹால் லோன் டியூ யார் கட்டுறதுன்னு கேக்கிறாரு. அவர் கேக்கிறதும் நியாயமாத்தான் இருக்கு. இதுக்கு என்ன பதில் சொல்றது?

தேரிக்காட்டான்:

பொருளாளர் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்காவ போல.

தம்பி, 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாங்க, ஐஎம்எஸ். முன்னால நின்னவங்கள்ல ஒருத்தர் வெள்ளாளன்விளை வேதநாயகம் அசரியா. அன்னைக்கு திருநெல்வேலி கிறிஸ்தவன்கிட்ட என்ன பணம் இருந்துச்சு? பனையேறி, கூலிக்காரன், கொஞ்சம் வாத்தியார்மார். வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம்ம ஆள், நம்ம பணம்னு முடிவு பண்ணி நிஜாம் சீமையில தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாங்க, அங்க பாஷை தெலுங்கு, இவங்களுக்கு அதுல ஒரு அட்சரம் தெரியாது. 1909ல அசரியாவே அங்க போனாரு, 1912ல பிஷப் ஆனாரு, ஆங்கிலிக்கன்ல முதல் இந்தியர். அங்க சபை பெருகினது மாலா, மாதிகாங்கிற தலித் ஜனங்க மத்தியில, ஒரு ஊர்க்காரன் பக்கத்து ஊர்க்காரனுக்குச் சொல்லி. ஞானஸ்நானம் எடுக்கவங்கள தலையில கைய வைக்கச் சொல்லி, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ"ன்னு சொல்ல வைப்பாராம். தோர்ணக்கல் பெரிய கோயிலு பிரதிஷ்டை ஆனது எப்ப? 1939ல. சங்கம் ஆரம்பிச்சு 36 வருஷம்!

ஆள அனுப்பினா காசு குறையுமான்னா, கொஞ்ச நாளு குறையத்தான் செய்யும், பொய் சொல்லக்கூடாது. ஆனா எங்க ஊர்ல ஐஎம்எஸ்ஸுக்கும் எஃப்எம்பிபிங்கிற இன்னொரு மிஷனரி சங்கத்துக்கும் காணிக்க கொடுத்த வீட்டுலதான் ஊர்க் கோயிலுக்கும் காணிக்க பாக்கி இருக்காது, இத நான் கண்ணால பாத்தது. சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய எடுத்துத் தனிப்பானையில போடுவாங்க எங்க ஆச்சி. மிசோரம்ல 1910லருந்து இதே கைப்பிடி அரிசியில சபையும் மிஷனும் நடக்கு, அது பணக்கார மாநிலமா என்ன?

உங்களுக்கு சொல்லுத யோசனை: அந்த முப்பது குடும்பமும் லோன் முடியுத வரைக்கும், இல்லன்னா ரெண்டு வருஷத்துக்கு, தசமபாகத்துல பாதிய தாய்ச்சபைக்குக் கொடுக்கட்டும், ஒவ்வொரு ஆறு மாசமும் அத குறைச்சுக்கிட்டே வாங்க, தேதி போட்டு எழுதிக்கிடுங்க. அதே மாதிரி தாய்ச்சபை கிளைச்சபைக்கு உபதேசியார் சம்பளம் கொடுத்தா அதுக்கும் தேதி போடுங்க. தேதி போடாத உதவியாலதான் எங்க டயசீஸ்ல சில சபை நூறு வருஷமாகியும் ஐயர் சம்பளத்துக்கு பாளையங்கோட்டையப் பாத்துக்கிட்டு இருக்கு.

கூரைசபை_மகன்:

அண்ணாச்சி சொன்ன தேதி விஷயம் நூத்துக்கு நூறு. ஒரே ஒரு சேர்க்கை: முப்பது குடும்பத்தையும் மொத்தமா அனுப்பாதீங்க. போக மனசு இருக்கிறவங்க மட்டும் போகட்டும், அது பத்து குடும்பமா இருந்தாலும் சரி. கட்டாயத்துல போனவங்க ஆறு மாசத்துல திரும்ப வந்து படிக்கட்டுல நிப்பாங்க. அப்புறம் கீபோர்டு வாசிக்கிற பையன், சண்டே ஸ்கூல் டீச்சர், இந்த மாதிரி ஆள்ல ரெண்டு பேரையாவது மனசோட விட்டுக்கொடுங்க. அந்தியோகியா சபை அனுப்புனது பவுலையும் பர்னபாவையும், சும்மா இருந்த ஆளுங்கள இல்ல.

செங்கை_விசுவாசி:

சரி, இந்த வாரம் கமிட்டியில ரெண்டு வீட்டு ஜெபம்னு மட்டும் தீர்மானம் போடச் சொல்றேன், கிரவுண்டு பேச்ச ஒத்திவைக்கலாம். ஹிந்தி கூடுகை பத்தி சொன்னதும் எங்க வாலிபர் செக்ரெட்டரி பையன் ரொம்ப ஆர்வமாயிட்டான், அவன் ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில சூப்பர்வைசர், அவன் ஷிஃப்ட்லயே ராஞ்சிப் பசங்க இருக்காங்களாம். ஹிந்தியில பாட்டுப் புத்தகம், வேதாகமம் மொத்தமா சென்னையில எங்க வாங்கலாம்? அப்புறம் வக்கீல் அக்கா, ஒரு குடும்பம் அவங்க அப்பார்ட்மென்ட் கிளப் ஹவுஸ்ல ஞாயித்துக்கிழமை நடத்திக்கலாம்னு சொல்றாங்க, அதுக்கு ஏதும் சிக்கல் வருமா?

வக்கீல்_அக்கா:

கிளப் ஹவுஸ் வேண்டாம். அது எல்லா ஃபிளாட்காரங்களுக்கும் பொதுச் சொத்து, அசோசியேஷன் பைலாவுல என்ன இருக்குன்னு பாக்கணும், ஒருத்தர் ஆட்சேபணை பண்ணாலே போதும், அப்புறம் அந்தக் குடும்பம் அங்க நிம்மதியா இருக்க முடியாது. அவங்க ஃபிளாட் ஹால்ல பதினஞ்சு பேர் உக்காரலாம்ல, அங்கயே வைங்க. பாட்டு சத்தத்துக்கு பால்கனி கதவ மூடிக்கோங்க.

எஸ்தர்_பெரம்பூர்:

ஹிந்தி வேதாகமம் பைபிள் சொசைட்டி கடையில கிடைக்கும் பிரதர். பாட்டுப் புத்தகம் வாங்காதீங்க, அந்தப் பிள்ளைங்ககிட்டயே கேளுங்க, அவங்க பாஷையான சாத்ரி, முண்டாரியிலயே பாடுவாங்க.